தனியார் ஆலைக்கு 5 சதவீதம் கட்டாயமா? மாற்றுத்திறனாளிகள் சட்டம் பற்றி

சேகோ ரோடு | 9 ஜூலை 2025
எங்க சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில 64 பேர் வேலை பாக்குறாங்க. லேபர் கன்சல்டன்ட் ஒருத்தர் வந்து, மொத்த ஆளுல 5 சதவீதம் மாற்றுத்திறனாளிங்க இருந்தே ஆகணும், இல்லைன்னா 5 லட்சம் அபராதம்னு சொல்லிட்டுப் போறார். 64-க்கு 3.2 வருது. அந்த 0.2-க்கு நான் எங்க போறது? கிழங்கு சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள தெரிஞ்சாகணும்.

கோப்புக்கட்டு | 9 ஜூலை 2025
கட்டாயம் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 35-வது பிரிவு பேசுவது அரசிடம். தனியார் முதலாளிகள் 5 சதவீதம் வைத்துக்கொள்ளும்படி அரசு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்கிறது, அவ்வளவுதான். இடஒதுக்கீடு 34-வது பிரிவில் இருக்கிறது. அது 4 சதவீதம், அரசு நிறுவனங்களுக்கு மட்டும். 5 லட்சம் வருவது 89-வது பிரிவில்: சட்டத்தையோ விதியையோ முதல் தடவை மீறினால் 10,000 ரூபாய் வரை, திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. கன்சல்டன்ட் ரெண்டு பிரிவை ஒட்டவைத்து ஒரு பூதம் பண்ணியிருக்கிறார்.

அதற்காக உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 21-வது பிரிவுப்படி சமவாய்ப்புக் கொள்கை ஒன்று எழுதி, நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள இடம் என்றால் 2017 மத்திய விதிகளில் 8-வது விதி அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: செய்து தரும் வசதிகள், பொருத்தமான வேலைகளின் பட்டியல், ஆள் எடுக்கும் முறை, பயிற்சி, இடமாற்றத்திலும் குடியிருப்பிலும் முன்னுரிமை, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், தடையில்லாத நடைவழி, இதையெல்லாம் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலர். வெப்சைட் இருந்தால் அதில் போடலாம். இல்லையென்றால் எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் ஒட்ட வேண்டும்.

அப்புறம் 22-வது பிரிவு, பதிவேடு. மாற்றுத்திறனாளி ஊழியர் எத்தனை பேர், எப்போதிலிருந்து, பெயர், பாலினம், முகவரி, என்ன குறைபாடு, என்ன வேலை, என்ன வசதி செய்து கொடுத்திருக்கிறீர்கள். கேட்கும்போது இந்த விவரத்தைக் கொடுக்காவிட்டால் 93-வது பிரிவு: 25,000 வரை, தாமதம் தொடர்ந்தால் நாளுக்கு 1,000 வரை.

சேகோ ரோடு | 9 ஜூலை 2025
கொள்கை மாதிரி கூகுள்ல நிறைய கிடக்குது. பேர மட்டும் மாத்திப் போட்டுட்டா போதுங்களா?

கோப்புக்கட்டு | 10 ஜூலை 2025
போடலாம், மாட்டிக்கொள்ளலாம். பெங்களூர் ஐ.டி. கம்பெனி எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டினால் சேகோ பேக்டரியில் "வளாகப் பேருந்து வசதி" என்று தொங்கும். எழுதி வைத்த வசதியை ஒருவர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நேரம் போட வேண்டிய இடம் வேலைப் பட்டியல். "பேக்டரியில் எல்லாமே கனமான வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். துறை துறையாகப் பிரியுங்கள்: கிழங்கு இறக்குவது, தோல் நீக்கும் டிரம், அரைவை, பால் தொட்டி, வறுவல், காயப்போடும் களம், பேக்கிங், எடைமேடை, ஆபீஸ். ஒவ்வொன்றிலும் அந்த வேலைக்கு உயிரான செயல் எது, ஒட்டிக்கொண்டு வரும் செயல் எது என்று தனியாக எழுதுங்கள். பேக்கிங் விளம்பரத்தில் "90 கிலோ மூட்டை தூக்க வேண்டும்" என்று போடுவது வழக்கம். ஆனால் தைக்கிறவரும் எடை சரிபார்க்கிறவரும் மூட்டை தூக்குவதில்லை, தூக்குவதற்கு வேறு ஆள் இருக்கிறார். அந்த ஒரு வரியால் கால் பாதித்தவர் விண்ணப்பமே போட மாட்டார். நாளைக்கு யாராவது கேட்டால் அந்த வரிக்கு உங்களிடம் நியாயமும் இருக்காது.

எடைமேடையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எடையைப் படிப்பது, கிழங்கின் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) எழுதுவது, சீட்டுப் போடுவது, லாரிக்காரரிடம் பேசுவது. உட்கார்ந்து செய்கிற வேலை. காது கேளாதவரும் செய்யலாம்: லாரிக்காரர் பக்கம் திரும்பிய மாதிரி இரண்டாவது திரை ஒன்று, மறுப்பு இருந்தால் எழுதிக் கொடுக்க ஒரு சீட்டுப் புத்தகம். கேட்பதும் பேசுவதும் இந்த வேலைக்கு ஒட்டுச் செயல்தான், உயிர்ச் செயல் அல்ல.

சேகோ ரோடு | 10 ஜூலை 2025
அரைவைப் பக்கம்? பெல்ட் ஓடுற இடத்துல கண்ணு சரியாத் தெரியாதவரை எப்படிங்க நிறுத்துறது? ஏதாவது ஆச்சுன்னா கேஸ் எம்மேலதானே.

கோப்புக்கட்டு | 10 ஜூலை 2025
பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா? தொழிற்சாலைகள் சட்டம் 1948, 21-வது பிரிவு மூடி கேட்கிறது. கண் நன்றாகத் தெரிகிறவருக்கும் சேர்த்துத்தான். மூடி போடாமல் வைத்துவிட்டு "ஆபத்தான இடம்" என்று ஆளை மறுத்தால், சொன்ன காரணமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். மூடியும் போட்டு, நடைபாதையில் மஞ்சள் கோடும் போட்டு, வெளிச்சமும் கூட்டிய பிறகும் இந்த ஒரு வேலையில் இந்த நபருக்கு ஆபத்து இருக்கிறது என்றால் எழுதி வைத்து மறுக்கலாம். 2016 சட்டத்தின் 3(3) பிரிவு அதற்கு இடம் தருகிறது. நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுத்த வழி அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்.

ஹஸ்தம்பட்டி வக்கீல் | 11 ஜூலை 2025
ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். வேலையில் பாகுபாடு கூடாது என்கிற 20-வது பிரிவு "அரசு நிறுவனம்" என்றுதான் சொல்கிறது. பதவி உயர்வு மறுக்கக் கூடாது, பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை அனுப்பக் கூடாது என்பதெல்லாம் அதே பிரிவு. தனியாரை அதில் இழுத்தால் எதிர்த் தரப்பு முதல் நாளே ஆட்சேபிக்கும்.

கோப்புக்கட்டு | 11 ஜூலை 2025
20 அப்படித்தான். அதனால்தான் 20-ஐ நான் தொடவில்லை. ஆனால் 3(3) அரசு, தனியார் என்று பிரிக்கவில்லை. 2(எச்) நியாயமான வசதியை (வேலை செய்யத் தேவையான தகுந்த மாற்றங்களை) மறுப்பதையே பாகுபாடு என்கிறது. 2017 விதிகளில் 3-வது விதி "நிறுவனத் தலைவர்" என்று பேசுகிறது, தனியார் நிறுவனமும் "நிறுவனம்" என்ற விளக்கத்துக்குள் வருகிறது. முதலாளிகள் முதலில் படிக்க வேண்டியது அந்த 3-வது விதி. பாகுபாடு என்று புகார் வந்தால் உங்களுக்கு இரண்டே வழி: சட்டப்படி நடவடிக்கை எடுங்கள், அல்லது நீங்கள் செய்தது ஏன் நியாயம் என்று புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று மூன்றாவது வழி கிடையாது. அவர் ஆணையரிடம் போனால் 60 நாளில் முடிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

அதே விதியில் இன்னொன்று: வசதிக்கு ஆகும் செலவை முழுதாகவோ பாதியாகவோ ஊழியர் தலையில் கட்டக் கூடாது. "நீ பாதி போடு, நாங்க பாதி போடுறோம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. அதுவும் மீறல்தான்.

ஏற்காடு லாட்ஜ் | 14 ஜூலை 2025
எங்ககிட்ட 14 பேர்தான். 20-க்குக் கீழ. தப்பிச்சோம்ல?

கோப்புக்கட்டு | 14 ஜூலை 2025
நீண்ட கொள்கையிலிருந்து தப்பித்தீர்கள். 20-க்குக் குறைவான தனியார் இடமும் கொள்கை எழுத வேண்டும். வேலையைச் சரியாகச் செய்ய என்ன வசதி, ஏற்பாடு தருவீர்கள் என்பது மட்டும் இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் முடியும்.

ஏற்காடு லாட்ஜ் | 15 ஜூலை 2025
வாசல்ல சாய்வுதளம் இருக்குங்க. 3 படி உயரம். போன வருசமே கட்டிட்டோம், 4 அடி நீளம்.

கோப்புக்கட்டு | 15 ஜூலை 2025
அது பைக் ஏற்றுகிற சறுக்கு.

கணக்கு இது: 1:12 சாய்வு, அதாவது ஒரு அடி உயரத்துக்கு 12 அடி ஓட்டம். ஒரு படி 15 செ.மீ. என்றால் மூன்று படிக்கு 45 செ.மீ., அதற்கு 5.4 மீட்டர் ஓட்டம் வேண்டும். கிட்டத்தட்ட 18 அடி. மேலேயும் கீழேயும் சக்கர நாற்காலி நின்று திரும்ப 1.5 மீட்டர் சமதளம். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் கைப்பிடி, 76 செ.மீ. உயரத்தில் ஒன்று, 90 செ.மீ. உயரத்தில் ஒன்று. நேராக இடம் இல்லாவிட்டால் நடுவில் சமதளம் விட்டு மடித்துக் கட்டுங்கள். ஏற்காட்டில் கூடுதலாக ஒரு தொல்லை, பாசி. வழவழப்பான கிரானைட் போட்டால் மழைக் காலத்தில் பனிமூட்டம் இறங்கியதும் வழுக்கும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள்.

கதவு 90 செ.மீ. திறப்பு. அப்புறம் எல்லோரும் மறக்கிற இடம் ஊழியர் கழிப்பறை. விருந்தினர் பக்கம் பளபளப்பாக இருக்கும், ஊழியர் பக்கம் பத்துப் படி இறங்கிப் போக வேண்டும். மலைச்சரிவில் கட்டிய இடங்களில் ஊழியர் அறையும் சாப்பாட்டுக் கூடமும் பெரும்பாலும் கீழ்மட்டத்தில்தான். கட்டடத்தை உடைக்க முடியாவிட்டால் ஏற்பாட்டை மாற்றுங்கள். வருகைப் பதிவு மேல் தளத்தில், சாப்பாடு மேல் தளத்தில், அறை தருவதாக இருந்தால் தரைமட்ட அறை.

கொலுசுப் பட்டறை | 22 ஜூலை 2025
செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்க பட்டறைகள்ல 5 பேர், 6 பேருதான். உருப்படிக் கூலி. கை கொஞ்சம் மெதுவா இருக்கறவருக்கு உருப்படிக்கு ரேட்டைக் குறைச்சுக் கொடுக்கறது வழக்கமா இருக்கு. அது தப்பா?

கோப்புக்கட்டு | 22 ஜூலை 2025
தப்பு. உருப்படிக் கூலியில் மெதுவாகச் செய்பவருக்கு எண்ணிக்கையே குறைந்துதான் வரும். ரேட்டையும் குறைத்தால் ஒரே காரணத்துக்கு ரெண்டு தடவை வெட்டுகிறீர்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் 26-வது பிரிவில் இருக்கிறது. அது அரசின் அதிகாரம், பட்டறைக்காரரின் அதிகாரம் அல்ல.

வேகம் ஏன் குறைகிறது என்று முதலில் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாதவரை மணிக்கணக்கில் அப்படியே உட்கார வைத்தால் யாருக்கும் கை மெதுவாகத்தான் ஓடும். முட்டி நுழைகிற உயரத்தில் மேசை, சாய்மானம் உள்ள நாற்காலி, பற்றவைக்கும்போது உருப்படியைப் பிடித்துக்கொள்ள மேசையில் திருகிய பிடிப்பான். ஒரு கை மட்டும் நன்றாக இயங்குகிறவருக்கு அந்தப் பிடிப்பான்தான் இன்னொரு கை.

திரைவாசிப்பான் | 30 ஜூலை 2025
ஆபீஸ் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் சொல்கிறேன். பார்வையற்றவருக்குக் கம்ப்யூட்டர் வேலை கொடுக்க பெரிய செலவு இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஒன்று, ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப். அது படம், எழுத்தாக மாற்றிக் கொடுக்காவிட்டால் திரைவாசிப்பான் வாயைத் திறக்காது. இரண்டு, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம். கண்ணுக்கு "அம்மா" என்று தெரியும். திரைவாசிப்பான் "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்று படிக்கும். யூனிகோடில் அடியுங்கள். பழைய கோப்பை மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்று, கணக்கு மென்பொருள். "இது பார்வையற்றவருக்கு ஓடாது" என்று விற்பனையாளர் சொல்வதையும் நம்பாதீர்கள், "ஓடும்" என்பதையும் நம்பாதீர்கள். மௌஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே ஒரு வவுச்சர் போட்டு, திருத்தி, அச்சுக்கு அனுப்பிப் பாருங்கள். எந்தத் திரையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒரு திரை வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் மீதி முழுக்க ஓடும்.

கோப்புக்கட்டு | 30 ஜூலை 2025
இதை வேலைக்கு எடுப்பதற்கு முன்னாலேயே, தேர்வு வைக்கும் கட்டத்திலேயே செய்ய வேண்டும். தேர்வுத் தாள் ஸ்கேன் பிரதியாக இருந்தால் ஆள் அங்கேயே வெளியே போய்விடுவார்.

சேகோ ரோடு | 4 ஆகஸ்ட் 2025
இன்டர்வியூவுல மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு கேக்கலாமா? சில பேர் கார்டே வச்சிருக்கறதில்லை.

கோப்புக்கட்டு | 4 ஆகஸ்ட் 2025
எதற்குக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 40 சதவீதக் குறைபாடு என்ற கோடு இடஒதுக்கீட்டுக்கும் சில சலுகைகளுக்கும்தான். நியாயமான வசதி கேட்பதற்கு அந்தக் கோடு கிடையாது. விகாஸ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதுவதில் சிரமம் உள்ளவர், 40 சதவீதம் இல்லை, ஆனாலும் தேர்வில் எழுதித் தர உதவியாளர் உண்டு என்றது. அதனால் "கார்டு கொண்டு வா, அப்புறம் நாற்காலி மாற்றித் தருகிறேன்" என்று சொல்லாதீர்கள். கார்டில் உள்ள பட்டையின் நிறத்தைப் பார்த்தும் ஆளை எடை போட வேண்டாம். வெள்ளை 40-க்குக் கீழ், மஞ்சள் 40 முதல் 80-க்குள், நீலம் 80-உம் மேலும். அது குறைபாட்டின் அளவு, வேலைத் திறனின் அளவு அல்ல.

கார்டு தேவைப்படும் இடம் சம்பளப் பட்டியல். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) மாதச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000. 23,000 வாங்குகிறவரை வரம்பு தாண்டிவிட்டார் என்று நீக்கிவிடுகிற கிளார்க்குகள் இருக்கிறார்கள், சரிபாருங்கள். பார்வை, காது, கால் பாதிப்பு உள்ளவருக்குப் போக்குவரத்துப் படியில் ஒரு வரம்பு வரை வருமான வரி கிடையாது, புதிய வரி முறையிலும்தான்.

இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த வேலையில் இன்னின்ன செயல் இருக்கிறது, இதைச் செய்ய உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" கேட்கக் கூடாதது: "எப்படி ஆச்சு, பிறவியிலயேவா, கல்யாணம் ஆயிடுச்சா?"

சேகோ ரோடு | 4 ஆகஸ்ட் 2025
கடைசிக் கேள்விய எல்லார்கிட்டயும்தாங்க கேக்குறோம்.

கோப்புக்கட்டு | 4 ஆகஸ்ட் 2025
எல்லோரிடமும் நிறுத்துங்கள்.

ஹஸ்தம்பட்டி வக்கீல் | 8 ஆகஸ்ட் 2025
இந்த மாதம் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் இங்கே வைக்கிறேன். தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர், நிறக்குருடு என்று வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர். மாற்று வேலை இருக்கிறதா என்று நிர்வாகம் உண்மையாகத் தேடவே இல்லை என்று கண்டித்து, வேலை கொடுக்கச் சொன்னது. தனியார் சொல்லலாம், அது அரசுக் கழகம், அங்கே தொழிற்சங்க ஒப்பந்தமும் இருந்தது என்று. சரிதான். ஆனால் "தேடினீர்களா, தேடியதற்குக் காகிதம் எங்கே" என்ற கேள்வி தொழிலாளர் நீதிமன்றத்திலும் வரும்.

கோப்புக்கட்டு | 9 ஆகஸ்ட் 2025
இது சேகோ, மில், பட்டறை எல்லாவற்றுக்கும் பொருந்தும். மெஷினில் விரல் போய்விட்டால் வழக்கமாக நடப்பது: ஆஸ்பத்திரிச் செலவு, கையில் ஒரு தொகை, "வீட்ல இருப்பா". ஈ.எஸ்.ஐ. சட்டம் 73-வது பிரிவு: தற்காலிக ஊனப் பலனிலோ சிகிச்சையிலோ இருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ. கொடுக்கிறது, உங்கள் கையிலிருந்து போகவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது ரொம்ப மோசமான யோசனை. கட்டுப் போட்ட கையோடு ஒருவர் "சொந்தக் காரணங்களுக்காக" ராஜினாமா செய்தார் என்றால் எந்த நீதிபதி நம்புவார்?

செய்ய வேண்டியது: திரும்பி வரும் தேதிக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். பழைய வேலையில் எந்தச் செயல் இனி முடியாது, அதைக் கருவியால் தீர்க்கலாமா, பக்கத்து ஆளோடு மாற்றிக்கொள்ளலாமா, இல்லையென்றால் காலியாக உள்ள வேறு வேலைகள் எவை. ஒரு தாளில் நான்கு பத்தி. என்ன கேட்டார், என்ன யோசித்தோம், என்ன செலவு வந்தது, என்ன முடிவு. இரண்டு பேரும் கையெழுத்து. செலவு அதிகம் என்று மறுத்தால் விலைப்புள்ளியை இணையுங்கள். வசதியை மறுக்கச் சட்டம் ஒத்துக்கொள்ளும் "அளவுக்கு மீறிய சுமை" என்பது வாய்ச்சொல் இல்லை. விலைப்புள்ளியும் உங்கள் வரவுசெலவும் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு உயிர். அந்தத் தாள் இல்லாத முதலாளிதான் பெரும்பாலும் தோற்கிறார், வசதி செய்து கொடுக்க முடியாதவர் அல்ல.

ஏற்காடு லாட்ஜ் | 19 ஆகஸ்ட் 2025
எங்க சூப்பர்வைசர் எல்லாருக்கும் பட்டப்பேர் வச்சிருக்கார். "நொண்டி"னு ஒருத்தரைக் கூப்பிடுவார், அவரும் சிரிச்சுக்கிட்டேதான் வருவார். இதெல்லாம் கேஸ் ஆகுமா?

கோப்புக்கட்டு | 19 ஆகஸ்ட் 2025
2016 சட்டத்தின் 92-வது பிரிவு. பிறர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. அவமானப்படுத்தும் நோக்கம் நிரூபணமாக வேண்டும், உண்மை. ஆனால் சம்பளம் போடுகிறவர் கூப்பிடும்போது சிரிப்பது சம்மதம் ஆகாது. அந்த ஊழியருக்கு ஒரு பெயர் இருக்கிறது, சூப்பர்வைசருக்கு எழுத்தில் ஒரு குறிப்பு அனுப்புங்கள்.

இதே வரிசையில் இன்னொன்று. கொள்கையைச் சுவரில் ஒட்டச் சொன்னால் சில இடங்களில் 22-வது பிரிவுப் பதிவேட்டையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள், யாருக்கு என்ன குறைபாடு என்று பெயரோடு. கொள்கை சுவருக்கு, பதிவேடு பூட்டிய அலமாரிக்கு. மனநலக் குறைபாட்டைச் சொல்லியிருப்பவர் இருந்தால் ரொம்பக் கவனம்.

மில் ஷிப்ட் | 2 செப்டம்பர் 2025
மனநலம்னு சொன்னீங்க. ஒருத்தர் திடீர்னு கத்துறார், லீவு சொல்லாம நின்னுடறார். மெமோ கொடுக்கக் கூடாதா அப்போ?

கோப்புக்கட்டு | 2 செப்டம்பர் 2025
கொடுக்கலாம், வரிசை மாறக் கூடாது. ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கு, 2021 டிசம்பர், மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்காரர். ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமான நடத்தைக்கு மனநலக் குறைபாடு ஒரு காரணமாக இருந்தாலே, அந்த நடவடிக்கை மறைமுகப் பாகுபாடு ஆகலாம் என்றது உச்ச நீதிமன்றம். முழுக் காரணமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனவே குறைபாடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை என்றால், மெமோவுக்கு முன்னால் ஒரு பேச்சு: இரவு ஷிப்ட் மாத்திரையோடு ஒத்துப்போகிறதா, டாக்டரைப் பார்க்கும் நாளில் விடுப்பு கிடைக்கிறதா, கத்தும்படி அங்கே என்ன நடக்கிறது. ஷிப்ட் மாற்றினாலே பாதி தீரும் விஷயங்கள் இவை. திருட்டு, அடிதடி என்றால் வேறு கதை. அதிலும் விசாரணைக் கோப்பில் இந்தப் பேச்சு நடந்ததற்கான தாள் இருக்கட்டும்.

கோப்புக்கட்டு | 26 நவம்பர் 2025
21-ஆம் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. மேலே நான் சொன்ன ஈ.எஸ்.ஐ. 73, தொழிற்சாலைகள் சட்டம் 21, குறைந்தபட்சக் கூலி 26 எல்லாம் பழைய சட்ட எண்கள். கடிதத்தில் மேற்கோள் காட்டுகிறவர்கள் புதிய தொகுப்பில் அதே விஷயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த நான்கிலும் சேரவில்லை, அது தனியாக அப்படியே நிற்கிறது. கன்சல்டன்ட் யாராவது "புது லேபர் கோடு (சட்டத் தொகுப்பு) வந்துடுச்சு, பழைய கொள்கை செல்லாது, புதுசா எழுத இவ்வளவு ஆகும்" என்றால் கும்பிட்டு அனுப்புங்கள்.

மில் ஷிப்ட் | 1 டிசம்பர் 2025
ரிங் பிரேம்ல (நூல் நூற்கற மெஷின்) காது கேளாத ரெண்டு பேரை எடுக்கலாம்னு இருக்கோம். அந்த சத்தத்துல எல்லாரும் கையாலதான் பேசிக்கறோம், அதனால வேலைக்குப் பிரச்சினை இல்லை. ஃபயர் அலாரம்தான் யோசனையா இருக்கு.

கோப்புக்கட்டு | 1 டிசம்பர் 2025
மணியோடு சேர்த்து மின்னும் விளக்கு. ஒரே விளக்கை வாசலில் மாட்டினால் பிரேம் வரிசைகளுக்கு நடுவில் நிற்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு சந்திலிருந்தும் ஒன்றாவது கண்ணில் படும்படி வையுங்கள், கழிப்பறைக்குள்ளும் ஒன்று, அங்கே தனியாக இருப்பார்கள். நொடிக்கு 2 தடவைக்கு மேல் மின்னும் வகை வேண்டாம், சிலருக்கு வலிப்பைத் தூண்டும். மில்லில் கரண்ட் போயிருக்கும்போதும் தீ பற்றலாம், அதனால் பேட்டரியில் ஓடுகிறதா என்று மெயினை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பஞ்சுத் தூசி படிந்து விளக்கு மங்கும், பிரேம் சுத்தம் செய்யும் அட்டவணையிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் தோளைத் தட்டிக் கூட்டிப்போக இரண்டு பேர் பெயர் எழுதி வையுங்கள். ஒருவர் போதாது, அவர் லீவு போடுகிற நாள் ஒன்று வரும்.